குறைமாதக் குழந்தைக்கான வைட்டமின் சொட்டு மருந்து: மூன்று மாத அனுபவம்

31 வாரத்தில் பிறந்த என் மகளுக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்து இது. மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். டிராப்பர்தான் மோசம். வெந்நீரில் கழுவக் கழுவ ஒரே வாரத்தில் அளவுக்கோடு அழிந்துவிட்டது. கைக்குழந்தைக்கான பொருளில் இதை எப்படி விட்டார்கள்? வைட்டமின் ஏ மிகவும் கூடிப்போனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி உச்சிக்குழி புடைக்கும். இப்போது ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில்தான் அளக்கிறேன்.

இது எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். குறைமாதக் குழந்தையின் ஈரலில் வைட்டமின் ஏ இருப்பு மிகக் குறைவாம். அங்கிருந்து ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) தனியாகக் கிளம்பாது. அதற்கென்றே உள்ள ஒரு புரதம் ரத்தத்தில் சுமந்து வரும். மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஸ்ட்ரா6 என்ற இன்னொரு புரதம், சுமந்து வந்ததை வெளியே விட்டு ரெட்டினாலை மட்டும் உள்ளே வாங்கும். உள்ளே ரெட்டினாயிக் அமிலமாக மாறி, எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று நரம்பணுக்களுக்குச் சொல்லும். அதைக் கேட்டபின் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

மருந்துக்காக வாங்கலாம். நிறைமாதக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.