ஊழிக்கதைக்கு யாரிடம் கருத்துக் கேட்பது? நான்கு வழிகள், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்

வேலூரைக் களமாக வைத்து ஒரு உலக அழிவு நாவல் எழுதி முடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60,000 சொல். மின்சாரம் போய்விட்டது, காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவது நின்றுவிட்டது, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுகிறார்கள், கோட்டைக்குள் ஒரு கூட்டம் கதவடைத்துக்கொண்டு இருக்கிறது. பதிப்பகம் இல்லை. எழுதியவரே போடப்போகிறார். சொந்தமாகப் போடுகிறவருக்கு எடிட்டர் கிடையாது என்பதால், அந்த வேலையை வாசகர் கருத்துதான் செய்தாக வேண்டும். அந்தக் கருத்தை வாங்க நம்மூர்ப்பக்கம் நடைமுறையில் நான்கு வழி இருக்கிறது: முன்வாசகருக்கு, அதாவது வெளியிடும் முன்பே படித்துக் கருத்துச் சொல்பவருக்கு, பிரதி கொடுப்பது, பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடராகப் போடுவது, அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்றி ரிவ்யூவுக்குக் காத்திருப்பது, நூலக வாசகர் வட்டத்தில் வைப்பது.

நான்கும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே காட்சியை நான்கிலும் ஓடவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காட்சி இது: ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் நாலாம் நாள். ஒரு பெரியவர், ஒரே ஒரு பெரிய சிலிண்டரில், முதல் நாளிலிருந்து நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜனில் உயிரோடு இருக்கிறார்.

பிரதிலிபியில் இதற்கு வருவது “அழுதுட்டேன் சகோ, அடுத்த பாகம் எப்போ?” என்ற வகை. கிண்டிலில் நாலு ஸ்டாரும் “விறுவிறுப்பு, கொஞ்சம் நீளம்” என்ற ஒற்றை வரியும். வாசகர் வட்டத்தில் ஒருவர் எழுந்து, இப்படி ஒரு நாவல் நம்ம வேலூரில் இருந்து வந்ததே பெருமை என்பார். ஆஸ்பத்திரியில் சிலிண்டர் மாற்றும் வேலை பார்த்த ஒரு முன்வாசகரோ ஓரத்தில் கணக்குப் போட்டுவிடுவார். பெரிய சிலிண்டரில் அடைபட்டிருப்பது ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 1,400 நிமிடம், அதாவது 23 மணி 20 நிமிடம். ஒரு நாள்கூடத் தாங்காது. 2 லிட்டருக்குக் குறைத்தால் 58 மணி நேரம். ஒரே லிட்டர் என்றால்தான் நாலு நாளைத் தாண்டும்.

இந்த ஒரு குறிப்பின் மதிப்பு மற்ற மூன்றையும் சேர்த்தாலும் வராது. தப்பைக் காட்டுவதோடு அது நிற்கவில்லை. கேஜ் முள் இறங்க இறங்க, நர்ஸம்மா ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரின் குமிழை ஐந்திலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் திருப்புகிற காட்சி அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. எழுதியவருக்குத் தோன்றாத நாடகம் அது.

ஆக, எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அறிவியல் புனைவுக்கு, அதிலும் ஊழிக்கதைக்கு, முன்வாசகர்தான் முதலிடம். ஆனால் ஒழுங்காகச் செய்தால் மட்டும்.

பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப்பில் இருபது பேருக்குத் தட்டிவிட்டு “படிச்சுட்டு சொல்லுங்கண்ணா” என்பது முன்வாசிப்பு ஆகாது. பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். மீதிப் பேர் மரியாதைக்காக “சூப்பர்” போடுவார்கள். கோப்பு யார் யார் கைக்குப் போகிறது என்பதும் தெரியாது. தாளில் கொடுப்பதே வேலைக்கு ஆகும். ஏ4 தாள், 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட வேண்டும், பக்க எண் கட்டாயம். 60,000 சொல்லுக்குச் சில நூறு பக்கம் வரும், இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்தால் தாள் பாதியாகும். இதை ஒரே கட்டாக ஸ்பைரல் போட்டால் செங்கல் மாதிரி கனத்து வீட்டு அலமாரியிலேயே கிடக்கும். மூன்றாகப் பிரித்துப் போட்டால் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிப்பவர் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவார், சென்னை போய்ச் சேருவதற்குள் பெரும்பகுதியை முடித்தும் விடுவார்.

ஆறு பேர் போதும். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடக் கூடாது. ஒருவர் ஒரு கதையைப் புதிதாகப் படிப்பது ஒரே ஒரு தடவைதான், அதற்கப்புறம் அவருக்கு முடிவு தெரியும். முதலில் மூன்று பேர், திருத்திய பிறகு மற்ற மூன்று பேர். திருத்தம் வேலை செய்ததா என்பதை இரண்டாம் மூவர்தான் சொல்ல முடியும்.

ஆளைப் பொறுக்குவதில்தான் வேலூருக்கு ஒரு சௌகரியம். ஆஸ்பத்திரித் தொழில்நுட்பம் தெரிந்தவர், தோல் தொழிற்சாலைக் கெமிக்கல் தெரிந்தவர், மின்வாரிய லைன்மேன், பைக் மெக்கானிக், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர், எல்லாரும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலையாகக் கிடந்த கதை தெரிந்தவரிடம், நாவலில் ஓடும் விஷ நீரின் நிறத்தைக் காட்டிப் பாருங்கள். அந்தக் கழிவில் இருக்கும் விஷ வகையான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கரைந்த நீர் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பார். பச்சை என்று எழுதியிருந்தால் அங்கேயே பேனா நிற்கும். மெக்கானிக் இன்னொரு இடத்தில் நிற்பார். பேரழிவு நடந்து இரண்டு வருடம் கழித்து, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் கிடந்த பைக்கை ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு கதாநாயகன் போகிறான். பெட்ரோல் சில மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும், எத்தனால் கலந்தது என்றால் ஈரம் வேறு இழுக்கும், பேட்டரியும் செத்திருக்கும். இத்துறைகள் எதுவும் தெரியாத, வழக்கமாகக் குடும்பக் கதை படிக்கிற ஒருவரும் அந்த ஆறில் இருக்க வேண்டும். விஞ்ஞான விளக்கம் எந்த இடத்தில் பாடமாகிறது என்று அவர்தான் கொட்டாவி விட்டுக் காட்டுவார்.

கேள்வியும் முக்கியம். “எப்படி இருக்கு?” என்றால் “நல்லா கீது” என்று பதில் வரும், அதோடு முடிந்தது. மூன்று குறிகள் மட்டும் சொல்லிக்கொடுங்கள். நம்பாத இடத்தில் பெருக்கல் குறி, புரியாத இடத்தில் கேள்விக்குறி, சலித்த இடத்தில் ஒரு அலைக்கோடு. கூடவே, படிப்பதை நிறுத்திக் கீழே வைத்த ஒவ்வொரு இடத்திலும் தேதி. மூன்று வாரம் கழித்து மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால், தேதிகள் ஒரே அத்தியாயத்தில் குவிந்திருப்பது தெரியும். ஒருவர் மட்டும் நிறுத்தியிருந்தால் அவர் வீட்டில் விருந்தாளி வந்திருக்கலாம். மூவரும் நிறுத்தியிருந்தால் கோளாறு அத்தியாயத்தில். அவர்கள் சொல்லும் பரிகாரத்தை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்த வேறொரு கதையைத்தான் சொல்வார்கள். இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறை, ஆறு பேரும் தெரிந்தவர்கள் என்பதுதான். ஆரம்பமே பிடிக்காவிட்டால் முகம் தெரியாத வாசகன் மூன்றாம் பக்கத்தில் போய்விடுவான். தெரிந்தவர் முகத்துக்காகக் கடைசிவரை வருவார். அந்த ஒரு விஷயத்தில் பிரதிலிபி ஜெயிக்கிறது.

பிரதிலிபியில் பின்னூட்டத்தைப் படிப்பதைவிட எண்ணைப் படிப்பதில்தான் லாபம். ஒரு பாகம் 1,000 முதல் 1,500 சொல் என்று பிரித்துப் போட்டு, பாகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 400, 210, 190, 185, 110. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பாதியாகக் குறைவது எட்டிப்பார்த்தவர்கள் கழன்றது, கவலை வேண்டாம். நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு 75 பேர், அதாவது பத்தில் நாலு பேர், போனதுதான் விஷயம். உடனே ஐந்தாம் பாகத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். போனவர்கள் ஐந்தைத் திறக்கவே இல்லையே! பழுது நாலில் இருக்கிறது. சூரியப் புயல் என்றால் என்ன என்று பேராசிரியர் இரண்டு பக்கம் பேசுவது அங்கேதான் இருக்கும். 1859இல் பூமியைத் தாக்கிய காரிங்டன் சூரியப் புயல், 1989இல் இன்னொன்றால் கனடாவின் கியூபெக் 9 மணி நேரம் இருண்டது எல்லாம் சுவாரசியம்தான், ஒரே மூச்சில் கொட்டினால் யார் இருப்பார்கள்? இன்னொன்று, நேற்றுப் போட்ட பாகத்தையும் ஒரு மாதம் முன்பு போட்டதையும் ஒப்பிடக் கூடாது. பழையதற்கு எண் ஏற அவகாசம் கிடைத்திருக்கும். கடைசிப் பாகம் போட்டு இரண்டு வாரம் கழித்துக் கணக்கெடுத்தால் ஓரளவு நியாயமாக இருக்கும்.

தொடராகப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு பாகமும் திக்கென்று முடிந்தால்தான் ஆள் திரும்பி வருவார் என்பதால், நாவல் மெல்ல மெல்லக் குதிக்கும் கதையாகிவிடும். ஊழிக்கதைக்கு நிதானமான அழிவு வேண்டும். தண்ணீர் லாரி ஒரு நாள் வராதது, அப்புறம் இரண்டு நாள், அப்புறம் வரவே வராதது. பாகத்துக்கு ஒரு கொலை கேட்கும் பின்னூட்டத்துக்கு எழுதினால் இது செத்துப்போகும்.

கிண்டிலை எடுத்தால், முதலில் ஒரு மோதலைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் கே.டி.பி. செலக்ட் என்ற அமேசானின் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35தான். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, பத்து சதவீதம் வரை மாதிரியாக விடலாம். ஆகவே பிரதிலிபித் தொடரை எடுத்த பிறகே சேர வேண்டும். எடுக்காமல் சேர்ந்துவிட்டு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த பின் பதறுவது வழக்கமாக நடப்பது.

ரிவ்யூ என்ற வகையில் கிண்டில் பலவீனமான வழி. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஸ்டார் எதையும் சொல்லாது. நாலு பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் போட்டால் எளிய சராசரி 4.2, அந்த ஒருவரை நீக்கினால் 5. இத்தனைக்கும் அமேசான் எளிய சராசரி எடுப்பதுமில்லை. சித்தப்பா, மச்சான், கூடப் படித்தவன் என்று எழுதச் சொன்னால் அது விதிமீறல், கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். செலக்டில் 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இலவசத்தில் இறக்கிவைப்பவர் பலர், திறப்பவர் சிலர், அதிலும் இவ்வகைக் கதையே பிடிக்காதவர் வந்து ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. நம்பிப் படிக்க வேண்டிய ரிவ்யூ, எழுத்து உடைந்திருப்பதாகச் சொல்வது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை முழுசாக யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். கோப்பைச் சரிசெய்து மறுபடி ஏற்றலாம், ஆனால் அந்த ரிவ்யூ அங்கேயே இருக்கும். எனவே ஏற்றும் முன் போனிலும் கிண்டில் கருவியிலும் முழுப் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

சிலிண்டர் காட்சிக்குக் கிண்டிலில் இன்னொரு வகை ஆட்சேபமும் வரும்: கரண்டே இல்லாதபோது ஆக்சிஜன் எப்படி வரும் என்று. ஆட்சேபம் தப்பு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சன்ட்ரேட்டருக்குத்தான் மின்சாரம் வேண்டும், சிலிண்டருக்கு வேண்டாம். ஆனாலும் தள்ளிவிடக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு சிலிண்டர் நிற்பதை வாசகர் கண்ணில் படும்படி எழுதவில்லை என்று அதற்கு அர்த்தம்.

புத்தக விமர்சனத் தளமான குட்ரீட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்காமலே எழுதலாம் என்பது வசதி, தமிழ் அறிவியல் புனைவுக்கு அங்கே ஆள் வருவது அரிது.

வாசகர் வட்டம் கருத்துக்கு உதவாது, காதுக்கு உதவும். எழுதியவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் பொன்னாடைதான் வரும், பொத்தல் வராது. அதனால் அவர் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும், வேறொருவர் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு சொல் என்றால் 2,000 சொல் அத்தியாயம் இருபது நிமிடம். படிப்பவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே வாக்கியம் நீளம். “இன்னாபா”, “கீறாரு” என்று வரும் வசனத்தைப் படிக்கும்போது கூட்டம் சிரித்தால், அது சிரிக்க வேண்டிய இடம்தானா என்று பாருங்கள். சாவு வீட்டில் பேசும் வடாற்காட்டுப் பேச்சு சினிமா மெட்ராஸ் பாஷையாக மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் இன்னொன்றும் விடாமல் பிடிப்பார்கள். 2019க்குப் பிறகு நடக்கும் கதையில் ஆம்பூரும் காவலூரும் வேலூர் மாவட்டத்தில் இருக்க முடியாது, இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம். அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. காவலூர் வானாய்வகத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் இரவில் குறுங்கோளைக் கண்டுபிடிப்பதாக எழுதியிருந்தால், ஜவ்வாது மலைப்பக்கத்து ஆள் ஒருவர் மேகத்தைப் பற்றிக் கேட்டே தீருவார்.

வரிசை என்று கேட்டால்: முதல் மூன்று முன்வாசகர், திருத்தம், வாசகர் வட்டத்தில் ஒரே ஒரு அத்தியாயம், அடுத்த மூவர், திருத்தம், பிரதிலிபியில் முதல் எட்டுப் பத்துப் பாகம் மட்டும், எண் பார்த்து நாலாம் பாகக் கோளாறைச் சரிசெய்து, தொடரை எடுத்துவிட்டுக் கிண்டில். அச்சு கடைசியில். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் முதலில் 25 பிரதி போட்டால் போதும். மொத்தமாகப் போட்டால் விலை குறையும் என்று 300 பிரதி அடித்தவர் வீட்டில் சிலிண்டர் கணக்கு தப்பான 300 பிரதி கட்டிலுக்கடியில் இருக்கும். முன்வாசகர் ஆறு பேருக்கும் அந்த 25இல் இருந்து ஒவ்வொன்று கொடுத்துவிடுங்கள், நன்றிப் பக்கத்தில் பெயர் போடலாமா என்று கேட்டுக்கொண்டு. அதற்குப் பதிலாக அமேசானில் ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், அது விதிக்கும் ஆகாது.