மருத்துவமனை வடிவமைப்புக்கு எது: ஈக்வெஸ்ட்டா, எனர்ஜிபிளஸ்ஸா?

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்றாலே சுவர், கண்ணாடி, கூரை என்றுதான் பேச்சு தொடங்கும். மருத்துவமனையில் ஆற்றலைப் பெருமளவு விழுங்குவது காற்றோட்டம். எனவே கட்டடத்தின் ஆற்றல் செலவை முன்கூட்டியே கணிக்கும் ஈக்வெஸ்ட், எனர்ஜிபிளஸ் போன்ற சிமுலேஷன் மென்பொருள் காற்றை எப்படிக் கணக்கிடுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அறுவை அரங்கை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 170-இன்படி அங்கே மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அந்த 20-இல் 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறையை 20 டிகிரியில் வைத்தால், அதற்காகக் காற்றை ஏறக்குறைய 12 டிகிரி வரை குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்க வேண்டும். அதே காற்றை அப்படியே அனுப்பினால் அறை நடுங்கும். ஆகவே மறுபடி சூடாக்குகிறார்கள். குளிர்விக்கவும் செலவு, சூடாக்கவும் செலவு. அரங்கு காலியாகக் கிடக்கும் இரவிலும் இதே கூத்துதான்.

ஈக்வெஸ்ட் இலவசம், வேகமானது. கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தந்துகொண்டே போனால் மாதிரி தயாராகிவிடும். கட்டடத்தின் திசை, சன்னல் அளவு போன்ற தொடக்க முடிவுகளுக்கு இதுவே போதும். ஆனால் வெப்பச் சுமை (அறையிலிருந்து அகற்ற வேண்டிய வெப்பம்), காற்று அமைப்பு, குளிரூட்டும் இயந்திரங்கள் என்று வரிசையாக, ஒரு மணி நேர இடைவெளியில்தான் கணக்கிடும். பின்னால் நேரும் பற்றாக்குறை முன்னால் போட்ட சுமைக் கணக்கைத் திருத்தாது.

அமெரிக்க எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ், இந்த மூன்றையும் ஒன்றாகத் தீர்க்கிறது; 10 நிமிட இடைவெளியில்கூடக் கணக்கிடும். ஈரம், மறுசூடாக்கல் ஆகியவற்றின் இழுபறி இதில் தெளிவாகத் தெரியும். இரவில் காற்றோட்டத்தைப் பாதியாக்கினால் விசிறியின் மின்தேவை, கோட்பாட்டளவில், எட்டில் ஒரு பங்காகும். அறைக்கும் பக்கத்து இடங்களுக்கும் உள்ள காற்றழுத்த வேறுபாடு குலையாதவரை தரநிலையும் இதை அனுமதிக்கிறது. மறுசூடாக்கலில் மிச்சமாவதையும் சேர்த்துப் பார்க்க எனர்ஜிபிளஸ்தான் என் தேர்வு. இதுவும் இலவசம்தான், ஆனால் உள்ளீட்டுக் கோப்பு பொறுமையைச் சோதிக்கும். அதனால்தான் பலர் எனர்ஜிபிளஸை எளிதாக இயக்க, காசு கொடுத்து டிசைன்பில்டர் என்ற முகப்பு மென்பொருளை வாங்குகிறார்கள்.

சூரிய வெந்நீர், வெப்பமீட்பு போன்ற இயந்திர அமைப்புகளே கேள்வி என்றால் டிரன்சிஸ் என்ற இன்னொரு சிமுலேஷன் மென்பொருள் பக்கம் போகலாம்.

எதை எடுத்தாலும், அரங்கு 24 மணி நேரமும் இயங்குவதாக அட்டவணையை நிரப்பிவிடாதீர்கள். அறுவைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, உண்மையான நேரங்களைக் கொடுங்கள். மேலே சொன்ன இரவுச் சேமிப்பு அப்போதுதான் கணக்கில் தெரியும்.