0 சதவீதம் என்றார்கள், 2,06,736 ரூபாயை வெட்டிக்கொண்டார்கள்: சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறவர்கள் கவனத்துக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிற எல்லாரும் இதைப் படியுங்கள். காலில் அடிபட்ட நம் ஊர் விசைப்படகுத் தொழிலாளியின் சிகிச்சைக்கு ஓர் இணையதளம் வழியாக நிதி திரட்டினோமே, அந்த லிங்கைப் பகிர்ந்தவர்களும் பணம் போட்டவர்களும் கட்டாயம் படியுங்கள்.

நீங்கள் போட்டது 5,84,000 ரூபாய். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது 3,56,590 ரூபாய். நடுவில் விளம்பரக் கட்டணம் என்று 2,06,736 ரூபாயும் ஆன்லைனில் பணம் வாங்கிக் கொடுக்கிற கேட்வே கட்டணம் என்று 20,674 ரூபாயும் போய்விட்டன. கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

தளத்தின் பெயரைப் போடவில்லை, மனு போடப்போகிற விஷயம். வகையைச் சொன்னாலே உங்களுக்குத் தெரியும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டி, பின்னால் சோக இசை போட்டு, "இன்னும் இரண்டே நாள்தான்" என்று வீடியோ ஓடுமே, அந்த வகை. பெருநகரத்தில் அலுவலகம், தேன் ஒழுகத் தமிழ் பேசும் ஆட்கள், பணம் போய்ச் சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் மட்டும் மெயில்.

நடந்தது இது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கக் கொஞ்சம் முன்னால், விசைப்படகில் வலை இழுக்கும்போது வின்ச் ரோப்பில் நம் ஊர்த் தொழிலாளி ஒருவருக்குக் கால் சிக்கியது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, ரத்தக்குழாயும் போய்விட்டது. அவசரத்தில் சேர்த்தது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருந்தால்தான். இது பட்டியலில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பங்குப் பணம் வராது. வீட்டில் இருந்த நகை முதல் வாரத்திலேயே அடகுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தளத்தின் ஆள் என்று ஒரு பையன் வந்தான். ஐசியூ வாசலில், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். தொழிலாளியின் மனைவியிடம் முதலில் பணப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டான், டீ வாங்கிக் கொடுத்தான். "அக்கா, நீங்க அண்ணனைப் பாத்துக்கோங்க, பணத்தை நாங்க பாத்துக்குறோம். எங்களுக்கு 0 பெர்சென்ட். ஒத்த பைசா எடுக்க மாட்டோம்." எஸ்டிமேட் கடிதம், ஆதார், பாஸ்புக், ஒரு போட்டோ என்று எல்லாவற்றையும் அவனே ஸ்கேன் செய்தான். கடைசியில், "போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா, பேஜ் லைவ் ஆயிடும்."

அந்த ஓடிபி பேஜைத் திறப்பதற்கு வந்ததே இல்லை. அது ஒப்பந்தத்தில் போட்ட மின்கையெழுத்து. பதினோரு பக்க ஆங்கில ஒப்பந்தம் அந்த டேப்லெட்டில் இருந்தது. அக்காவுக்கு அதை யாரும் காட்டவில்லை. பிடிஎஃப் மெயிலுக்குப் போயிருக்கிறது. எந்த மெயில்? அந்தப் பையனே அங்கேயே உருவாக்கிக் கொடுத்த மெயில்.

விளம்பரம் பற்றி நம் குழு ஆட்கள் தெளிவாகவே கேட்டார்கள். அவன் சொன்ன பதில் ஆடியோவாகவே இருக்கிறது: "விளம்பரம் வழியா வர்றதுல மட்டும் 30 பெர்சென்ட் ப்ரோ. உங்க ஊர் குரூப்ல, துபாய் குரூப்ல வர்றது முழுசா உங்களுக்குத்தான்." ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறது: விளம்பர இணைப்பு வழியாக வந்த தொகையில் 30 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி.

திருட்டு நடந்த இடம் இதுதான், கவனமாகப் படியுங்கள். குழுக்களில் பகிர்வதற்கு என்று அவன் அனுப்பியது ஒரு குட்டி லிங்க். அதைத் தொட்டால் பேஜ் திறக்கும். திறந்த பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையைத் தட்டி முழு முகவரியையும் பார்த்தால், பேஜின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் யுடிஎம் (utm) என்று தொடங்கும் நீளமான வால். எந்த வழியாக ஆள் வந்தான் என்று எண்ணுவதற்கு வைக்கிற அடையாளம் அது. தப்பான பொருள் இல்லை, எல்லாக் கம்பெனியும் வைப்பதுதான். ஆனால் இந்த வாலில் இருந்தது அவர்களுடைய விளம்பரத்தின் அடையாளம். அதாவது தங்கச்சிமடத்தில் இருக்கிற மாமா தன் தம்பிக்கு அனுப்பி, அந்தத் தம்பி சவுதியிலிருந்து போட்ட 5,000 ரூபாயும் "விளம்பரம் வழியாக வந்தது". பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று போட்டதும், ஜும்ஆ முடிந்து போட்டதும் அதே கணக்கில். 5,84,000 ரூபாயும் ஒன்று விடாமல் விளம்பர வரவு.

30 சதவீதம் 1,75,200. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 31,536. ஆக 2,06,736 ரூபாய்.

பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய நம் ஆட்களின் தொகையை மட்டும் கூட்டினாலே 4,30,000 தாண்டுகிறது. ஃபேஸ்புக்கில் உண்மையிலேயே விளம்பரம் ஓடியதா என்றும் பார்த்தோம். மெட்டாவின் விளம்பர நூலகத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், காசு இல்லை. பக்கத்தின் பெயரைப் போட்டால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் வரும். இந்தத் தொழிலாளி பெயரில் இருந்தது ஒரே ஒரு விளம்பரம். சாதாரண விளம்பரம் முடிந்ததும் அதிலிருந்து மறைந்துவிடும், அதனால் ஓடும்போதே படம் எடுத்து வைப்பது முக்கியம். எடுத்து வைத்திருக்கிறோம்.

கேட்வே கட்டணம் தனிக் கூத்து. யுபிஐ வழி வாங்கும் பணத்துக்கு வணிகர் கட்டணம் 2020 ஜனவரியிலிருந்து பூஜ்யம். நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் ஜிபேயிலும் போன்பேயிலும்தான் போட்டார்கள். கிரெடிட் கார்டு, வெளிநாட்டுக் கார்டு என்றால் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறோம். இவர்கள் எதையும் பிரிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே 3 சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி. இது போதாது என்று, பணம் போடுகிற பக்கத்தில் "டிப்ஸ்" என்று ஒரு பெட்டி தானாகவே டிக் ஆகி இருந்தது. 1,000 போட்டவருக்குக் கணக்கில் 1,120 போயிருக்கிறது. அந்த 120 நோயாளியின் கணக்கிலேயே வராது. மேலே சொன்ன 5,84,000-இலும் சேராது.

பாசி எடுக்கப் போகிற பெண்கள் ஆளுக்கு 50 ரூபாய் போட்டார்கள். அந்த 50-இல் 19 ரூபாய் 47 காசு இவர்களுக்கு. கரையில் மீன் ஏலம் விடுகிற ஏஜென்ட்கூட இப்படிக் கழிவு பிடிக்க மாட்டான்.

இனி, கேட்டபோது கிடைத்த பதில்கள்.

முதலில் அந்தப் பையனுக்குப் போன் போட்டோம். "டீம்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் ப்ரோ." மறுநாள் வாட்ஸ்அப்பில் அவன் படம் காணோம், மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தளத்தின் எண்ணுக்குப் போட்டால், அவர் வேலையை விட்டுவிட்டார், புது மேனேஜர் 48 வேலை நேரத்துக்குள் பேசுவார் என்றார்கள். புது மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சாட் பெட்டியில் எதை எழுதினாலும் உங்கள் நல்ல மனதுக்கு நன்றி என்று ஒரு கைகூப்பிய பொம்மை வருகிறது. மெயிலுக்கு ஒரு டிக்கெட் எண் வந்தது. நான்கு நாள் கழித்து அந்த டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. என்ன தீர்த்தார்கள் என்று அதில் இல்லை.

விளம்பரத்துக்கு 2,06,736 ரூபாய் எடுத்தீர்களே, ஃபேஸ்புக் கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பில்லைக் காட்டுங்கள் என்றோம். அது உள்விவரமாம், காட்ட முடியாதாம். லிங்க்கில் உங்கள் அடையாளத்தை வைத்தது யார் என்றால் ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைக் காப்பி பேஸ்ட் செய்து அனுப்புகிறார்கள். அவர்கள் பக்கத்தில் போய்க் கமெண்ட் போட்டால் கொஞ்ச நேரத்தில் கமெண்ட்டும் இல்லை, நமக்கு அந்தப் பக்கமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தளத்திலிருந்து கடைசியாகப் பேசிய அம்மா சொன்னது: "சார், மிச்சத் தொகைக்கு வேணும்னா இன்னொரு பேஜ் ஆரம்பிங்க. இந்தத் தடவை விளம்பரக் கட்டணத்துல 5 பெர்சென்ட் குறைச்சுத் தர்றோம்." வெட்டியவனே மருந்து விற்க வருகிறான்.

மருத்துவமனைப் பாக்கிக்குப் படகு ஓனரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். தடைக்காலம் முடிந்தால் அந்தக் கடனுக்குத் தொழிலாளியின் தம்பி கடலுக்குப் போக வேண்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தோம். இப்போது அதற்கு நிதானம் இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறோம்.

இனி நிதி திரட்டுகிறவர்கள் பணம் வாங்க, நோயாளியின் கணக்கு அல்லது மனைவியின் கணக்கு, ஒரே கணக்கு, ஒரே க்யூஆர். கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முழுதாக முடியாத "ஸ்மால் அக்கவுண்ட்" என்றால் ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம்தான் உள்ளே வரலாம், இருப்பு 50,000 தாண்டக் கூடாது, மாதம் 10,000தான் எடுக்கலாம். லிங்க் சுற்றத் தொடங்கிய பிறகு இது தெரிந்தால் கணக்கு அடைபட்டு நிற்கும். முதல் வேலையாக வங்கிக்குப் போய்க் கேஒய்சியை முடியுங்கள். இன்னும் நல்லது, ஐபி எண்ணை (உள்நோயாளி எண்) குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போடச் சொல்வது. மூன்றாம் ஆள் தன் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக்காரன் அவரைக் கேட்பான், அவர் நம்மைக் கேட்பார்.

போஸ்டர் சுற்றும்போது அதில் க்யூஆரை மட்டும் மாற்றி ஒட்டுகிற கூட்டம் இருக்கிறது. போடுகிறவர் ஸ்கேன் செய்ததும் திரையில் வருகிற பெயரைப் பார்த்துவிட்டுப் போடட்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை, கேட்டால் போனை வையுங்கள்.

துபாய், சவுதி, கத்தார் ஆட்களுக்கு அங்குள்ள போன் எண்ணிலேயே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் யுபிஐ ஓடும். கார்டு தட்டி 3 சதவீதம் அழ வேண்டியதில்லை.

எந்தத் தளம் என்றாலும் லிங்க்கைத் திறந்து, முழு முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை அழித்து, வெறும் முகவரி திறக்கிறதா என்று பார்த்து, அதைப் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான். அதற்குள் அடுத்த குழுவுக்குப் போனதை யாரும் பிடிக்க முடியாது. ஓடிபி சொல்லுமுன் அது எதற்கான ஓடிபி என்று மெசேஜை முழுதாகப் படியுங்கள். நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை உண்டு என்று ஆசை காட்டினால், தனி ஆள் கணக்குக்குப் போகிற பணத்துக்கு அது கிடையாது.

மீனவர் என்றால் மீன்துறை அலுவலகத்தில் குழு விபத்துக் காப்பீட்டைக் கேளுங்கள். மருத்துவமனைச் செலவுக்கு 25,000, பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம். நிதி திரட்டுகிற மும்முரத்தில் இதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

கணக்கிலிருந்து திருடினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. இது போலச் சேவை என்ற பெயரில் வெட்டினால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பெருநகரத்துக்கு அலைய வேண்டாம். 2,06,736 ரூபாய்க்கும் அங்கேதான் போகிறோம். மனுதாரர் அந்த அக்கா.

அதற்கு உங்கள் ரசீது வேண்டும். அந்தப் பேஜை எந்த நேரமும் மூடிவிடுவார்கள். பணம் போட்டவர்கள் ரசீது மெயிலையும், லிங்க் உங்களுக்கு எந்தக் குழுவில் வந்தது என்று தெரியும்படி அந்த வாட்ஸ்அப் மெசேஜையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் குழு அட்மினிடம் இன்றைக்கே கொடுங்கள். கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். 50 ரூபாய் போட்டவர்களும் அனுப்புங்கள்.