மஸுந்தே மேட்டில் ஒரு வாடகை அறையும், ஒரு பென்சில் வரைபடமும்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில் இருக்கும் மஸுந்தே என்கிற சின்ன ஊரில், மேட்டுமேல் ஒரு வீட்டில் நான்கு இரவு தங்கினேன். பெயர் கேட்காதீர்கள், அந்த இடத்துக்குப் பெயரே இல்லை. கேட்டில் 'அறை வாடகைக்கு' என்று ஸ்பானிஷில் கையால் எழுதிய அட்டை தொங்கும், அவ்வளவுதான். இரவுக்கு 600 பெசோ, ரொக்கம் மட்டும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த நாலில் பாதி, வீட்டுக்காரம்மா கொடுத்த ஒரு காகிதத்துக்கு.

ஹுவாதுல்கோ விமான நிலையத்தில் இறங்கி போச்சுத்லா வரை பஸ். (பெயரைக் கேட்டதும் எதையோ தொலைத்த மாதிரி இருந்தது, பையை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.) பணத்தை அங்கேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கமியோனெத்தா, அதாவது பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்டு மேலே தார்ப்பாய் கட்டிய பிக்கப் வண்டி. கோழித்தீவனம், 20 லிட்டர் தண்ணீர் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான், எல்லாரும் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு போனோம்.

கடற்கரையிலிருந்து ஐந்து நிமிடம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இறங்கும்போது ஐந்துதான், பொய்யில்லை. ஏறும்போது பெட்டியோடு பதினெட்டு நிமிடம், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். அறையில் கட்டில், மின்விசிறி, கொசுவலை, வெளியே ஒரு ஹம்மாக், அதாவது படுத்து ஆடும் தொங்கு வலை. ஏசி கிடையாது, அந்த மேட்டுக் காற்றுக்குத் தேவையும் படவில்லை. கழிவறைக் காகிதத்தைக் குழியில் போடாமல் கூடையில் போடச் சொல்வார்கள், அது அந்த நாட்டில் பல இடங்களில் உள்ள வழக்கம்தான்.

வைஃபை கேட்டேன். வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு உள்ளே போய், ரூல்டு நோட்டில் கிழித்த ஒரு தாளை எடுத்துவந்து கையில் கொடுத்தார். பென்சிலில் வரைந்த ஊர். மடித்து மடித்து நாலாய்ப் பிரியப்போகும் நிலையில், நடுவில் ஒரு காபி வட்டம். கடல் என்றால் மூன்று நெளிகோடு, மாவரைக்கும் மில்லுக்கு ஒரு வட்டம், ஒரு வீட்டுக்கு நேராக நாயின் தலை, அதற்குக் கீழே இரண்டு கோடு. நாய் கடிக்கும் என்று நினைத்து அந்தத் தெருவையே தவிர்த்தேன். மூன்றாம் நாள் கேட்டபோதுதான் தெரிந்தது, அது குறுக்குவழி அடையாளமாம். நாய் பாட்டுக்கு வாசலில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு நடந்ததில் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதே புரிந்துபோனது. ஒரு காலத்தில் இந்தக் கரையின் பிழைப்பே ஆமை வேட்டைதான். வெட்டுக்கூடம் இருந்தது கிழக்கே, கால்நடையாகப் போய்வரக்கூடிய தூரத்தில், சான் அகுஸ்தினியோ கிராமத்தில். 1990-ல் மெக்சிகோ அரசு ஆமை பிடிப்பதை முழுதாகத் தடை செய்ததும் ஊர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறது. 1994-ல் இங்கே ஆமை மையம் திறந்தார்கள். தொட்டியில் நீந்துவதில் ஒன்றைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம்மூர்க் கரையில் முட்டையிட வரும் அதே பங்குனி ஆமை. அப்புறம் சோப்பு, ஷாம்பு செய்யும் ஒரு கூட்டுறவு, பாடி ஷாப் என்ற அழகுசாதனக் கம்பெனியைத் தொடங்கிய அனிதா ரோடிக்கின் உதவியோடு உருவானது. நான் அங்கே போனது வரலாற்றுக்காக இல்லை, என் கொசுவலையில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அவர்களுடைய கொசுவிரட்டி எண்ணெய் வேலை செய்கிறது. ஓட்டையைப் பற்றிச் சொன்னதற்கு வீட்டுக்காரம்மா துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் கொடுத்தார், அதுவும் வேலை செய்தது.

குளிக்க ரின்கோன்சீத்தோ என்று காட்டியிருந்தார், கடற்கரையின் மேற்கு மூலையில் அலை அடங்கிய வளைவு. மேட்டுக்கு அந்தப் பக்கம் மெர்மெஹீத்தா கடற்கரை, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. போய்ப் பார்த்தேன், மணல் அழகு, ஆனால் அலை வந்து மோதித் திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது. முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. ஆளை அடித்துக்கொண்டு போகும் இடம் என்று எந்த ஆப்பும் இவ்வளவு அழுத்தமாக எனக்குச் சொன்னதில்லை, பென்சில் முனை காகிதத்தைக் கிழித்திருந்தது.

வரைபடத்தில் இல்லாதது ஏற்ற இறக்கம். புந்தா கொமெத்தா, வஹாக்கா மாநிலத்தின் தென்கோடி முனை, தாளில் இரண்டு விரல்கடை தூரம். நிஜத்தில் காட்டுப்பாதையும் பாறையுமாக அரைமணி நேரம், ரப்பர் செருப்போடு போன என் முட்டாள்தனத்தால் இன்னும் பத்து நிமிடம். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கிருந்து திமிங்கிலம் தெரியும் என்கிறார்கள், நான் போனது மே மாதம். சூரியன் விழுவதைப் பார்த்தேன், கூடவே அறுபது எழுபது பேரும் பார்த்தார்கள். திரும்பும்போது கும்மிருட்டு, போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். டார்ச் எடுத்துப் போங்கள், இதைத் தாளில் எழுதியிருக்கலாம்.

சாப்பாடு அந்த வீட்டில் கிடையாது, காலையில் காபி மட்டும். ஆனால் மாவரைக்கும் மில் என்று போட்ட வட்டத்துக்குப் போனால், சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே அந்த மாவில் தட்டிய தோர்த்தியா, துணியில் சுற்றிச் சூடாக. கறுப்பு பீன்ஸ், உரித்து உரித்து வரும் வஹாக்கா சீஸ், கூடக் குடிக்க ஹமைக்கா. அது ஒன்றுமில்லை, புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லியை ஊறவைத்த ஜில்லென்ற புளிப்பு. மூன்று நாள் மதியம் இதையேதான் சாப்பிட்டேன்.

சரி, அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். இரண்டாம் நாள் காலை தலைக்கு சோப்பு போட்ட நேரத்தில் தண்ணீர் நின்றது, தொட்டி நிரம்ப ஒன்றரை மணி நேரம். அதையாவது மன்னிக்கலாம். சேவலை மன்னிக்க முடியாது. என் ஜன்னலுக்கு நேர் கீழே அதன் இடம், விடிகாலை மூன்றரைக்குத் தொடங்கும், விடிந்தபிறகு நிறுத்தும். பின்பக்கத்து அறையைக் கேளுங்கள், கடல் தெரியாது, தூக்கம் உண்டு.

கிளம்பும் அன்று தாளைத் திருப்பிக் கேட்டார், அடுத்து வருகிறவருக்கு வேண்டுமாம். போனில் படம் எடுத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு முன் பென்சில் வாங்கி, என் அறை இருந்த மூலையில் ஒரு சேவல் வரைந்து, பக்கத்தில் 3:30 என்று போட்டேன். அம்மா பார்த்துவிட்டு அழிப்பார் என்று நினைத்தேன். கொண்டை சரியில்லை என்று திருத்திக் கொடுத்தார்.