உரிமம் யார் பெயரில்? அமெரிக்க மாநிலங்களின் ஏசி தொழில்நுட்பர் விதிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஏசி பழுதுபார்க்க வருபவரிடம் இரண்டு வகை அத்தாட்சிகள் இருக்கக்கூடும்: ஒன்று கூட்டாட்சி அரசு கேட்பது, மற்றொன்று மாநிலம் கேட்பது. வாடிக்கையாளர்கள் பலரும் முதலாவதைப் பார்த்ததுமே நிறைவடைந்துவிடுகிறார்கள். தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவின்படி, குளிர்பதன வாயு செல்லும் சுற்றைத் திறந்து வேலை செய்பவர்கள் 1994 நவம்பரிலிருந்து சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சிறு கருவிகள், உயர் அழுத்தக் கருவிகள், தாழ் அழுத்தக் கருவிகள் என மூன்று வகைகளும், அனைத்தையும் உள்ளடக்கிய யுனிவர்சல் சான்றிதழும் உண்டு. தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் 25 கேள்விகள். செய்முறைச் சோதனை கிடையாது, சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டெடுக்கத் தெரிந்தவரா என்பதையே இத்தேர்வு பார்க்கிறது. குழாயைச் சரியாகப் பற்றவைப்பாரா, அறையின் வெப்பச் சுமையைக் கணக்கிடுவாரா என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்புவது மாநிலத்தின் பொறுப்பு. அதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக நிரப்பியிருக்கிறது, சில மாநிலங்கள் நிரப்பவே இல்லை.

கலிஃபோர்னியாவில் உரிமம் ஒப்பந்ததாரருக்கு உரியது. வீடு, அலுவலகங்களின் குளிரூட்டலுக்கும் வெப்பமூட்டலுக்கும் சி-20, உணவகக் குளிர் அறை போன்ற குளிர்பதன வேலைகளுக்கு சி-38 என இரண்டு தனிப் பிரிவுகள் உள்ளன. கடந்த பத்தாண்டுகளுக்குள், மேற்பார்வையின்றித் தனியாக வேலை செய்யத் தெரிந்த முழுத்தேர்ச்சி நிலையில் நான்கு ஆண்டு அனுபவம் காட்டி, சட்டமும் வணிகமும் பற்றிய தேர்வு ஒன்று, தொழில் தேர்வு ஒன்று என இரண்டையும் முடித்து, 25,000 டாலர் பிணை கொடுத்தால் உரிமம் கிடைக்கும். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், நிறுவனத்தின் சார்பில் இத்தகுதியைப் பெற வேண்டியவர் ஒருவர் மட்டுமே. அவருக்குக் கீழ் வேலை பார்த்து வீட்டுக்கு வீடு செல்லும் ஊழியரிடம் மாநிலம் தனி உரிமம் எதையும் கேட்பதில்லை. இதே மாநிலம், மின் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் மின்பணியாளர்கள் ஒவ்வொருவரும் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஏசி வேலையிலும் மின்சாரம் இருக்கிறது, அதோடு அழுத்தமும் நெருப்பும் சேர்ந்துகொள்கின்றன. அப்படியிருக்க இந்த வேறுபாட்டுக்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

ஃபுளோரிடாவும் ஒப்பந்ததாரரை மையப்படுத்தும் மாநிலமே. அங்கே 'ஏ' பிரிவு உரிமம் பெற்றவர் கையாளும் கருவிக்கு அளவு வரம்பு இல்லை, 'பி' பிரிவுக்குக் குளிரூட்டும் திறனில் 25 டன் வரை அனுமதி. இரண்டாண்டுக்கு ஒருமுறை 14 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம் என்பது இதன் பலம்.

டெக்சஸின் ஏற்பாடு இவற்றிலிருந்து வேறுபடுகிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. ஒப்பந்ததாரர் உரிமத்துக்குக் கடந்த 72 மாதங்களில் 48 மாதங்கள், உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். 'பி' பிரிவுக்கு இங்கும் 25 டன் வரம்பு உண்டு. பொறுப்புக் காப்பீடும் ஆண்டுதோறும் 8 மணி நேரத் தொடர்கல்வியும் கட்டாயம். இத்தோடு நிற்காமல், ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்யும் தொழில்நுட்பரும் மாநில உரிமத் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது விதி. இந்தப் பதிவுக்குத் தேர்வு கிடையாது, புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞரையும் அது தடுப்பதில்லை. தேர்வு எழுதிச் சான்று பெற்ற தொழில்நுட்பர் என்ற அடுத்த படியை எட்டி ஓராண்டு கழித்தவருக்கு, ஒப்பந்ததாரராவதற்கான அனுபவம் கடந்த 48 மாதங்களில் 36 மாதங்கள் என்று குறைகிறது. நுழைவாயிலை அகலமாக வைத்து, மேலே செல்லச் செல்லத் தகுதியை இறுக்கும் இந்தப் படிவரிசைதான் அதன் சிறப்பு. நிறுவன வண்டியின் இரு பக்கங்களிலும் உரிம எண் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால், கதவைத் திறக்குமுன்பே வாடிக்கையாளர் அந்த எண்ணை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது.

வேலை செய்பவரிடமே உரிமம் கேட்கும் மாநிலம் மாசசூசெட்ஸ். குளிர்பதனத் தொழில்நுட்பர் என்ற உரிமம் அங்கே தனிமனிதருக்கு வழங்கப்படுகிறது. இவ்வளவு தூரம் வந்த சட்டம், 10 டன்னுக்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு மட்டுமே இதைப் பொருத்துகிறது. வீட்டு ஏசி பெரும்பாலும் ஐந்து டன்னைத் தாண்டுவதில்லை என்பதால், வீடுகளின் குளிர்பதன வேலை அந்த வலைக்குள் சிக்குவதே இல்லை. காற்றுக் குழாய்களுக்கான தகடு வேலைக்குத் தனி உரிமம் உண்டு என்பது ஓரளவு ஆறுதல்.

இல்லினாய், பென்சில்வேனியா, கொலராடோ ஆகியவற்றில் இத்தொழிலுக்கு மாநில அளவிலான உரிமமே இல்லை. கொலராடோ மின்பணியாளருக்கும் நீர்க்குழாய்ப் பணியாளருக்கும் மாநில உரிமம் வழங்குகிறது. ஏசி வேலையையோ டென்வர் போன்ற நகரங்களின் விதிகளுக்கு விட்டுவிட்டது. இதனால் நகர எல்லையைத் தாண்டினால் தகுதி விதியும் மாறிவிடுகிறது.

உரிமம் கூடினால் கட்டணமும் கூடும், ஆள்பற்றாக்குறையும் கூடும் என்ற வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. நான்கு ஆண்டுக் காத்திருப்பு ஏழைத் தொழிலாளிக்குப் பெரும் சுமைதான். ஆனால் அந்தச் சுமை ஒப்பந்ததாரர் ஆக விரும்புபவர்மீது விழுகிறது. தொழில்நுட்பரைப் பதிவு செய்வதால் வரும் சுமை மிகச் சிறியது. மேலும் வேலையின் தன்மையே மாறிக்கொண்டிருக்கிறது. புதிய வீட்டு ஏசிகள் ஆர்-410ஏ வாயுவைக் கைவிட்டு, ஆர்-32, ஆர்-454பி போன்ற லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயுக்களுக்கு மாறிவருகின்றன. கசிவுள்ள சுற்றில் வாயுவை முழுமையாக மீட்காமல் பற்றவைப்புச் சுடரை நீட்டுகிறவர், உரிமத்தில் பெயருள்ள முதலாளியாக இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டில் நிற்கும் அந்த ஊழியரை மாநிலத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தாலும் டெக்சஸ் முறையே மேலானது. கலிஃபோர்னியாவில் நான்கு ஆண்டு அனுபவத்தை மெய்ப்பிக்க, அந்த வேலையை நேரில் அறிந்த முதலாளியோ மேற்பார்வையாளரோ சக தொழிலாளியோ கையொப்பமிட்டுத் தர வேண்டியிருக்கிறது. பழைய முதலாளி கடையை மூடிவிட்டாலோ மனத்தாங்கலோடு பிரிந்திருந்தாலோ அந்தக் கையொப்பத்துக்காக அலைய நேரும். பதிவு முறை உள்ள மாநிலத்தில், அவர் அந்த ஆண்டுகளில் இத்தொழிலில் இருந்தார் என்பதற்கு அரசின் ஏட்டிலேயே ஒரு சான்று இருக்கும். தேர்வோ பெருங்கட்டணமோ இல்லாத இத்தகைய பதிவு ஒன்றைக் கலிஃபோர்னியாவும் ஃபுளோரிடாவும் தங்கள் இப்போதைய சட்டத்தோடு சேர்த்துக்கொள்வது கடினமன்று.