ஐசோட்ரெட்டினாய்ன்: ஆறரை மாத மாத்திரையும் அதன் பின் மூன்று ஆண்டுகளும்

காலையில் எழுந்ததும் கண்ணாடிக்குப் போகமாட்டேன். முதலில் தலையணை உறையைப் பார்ப்பேன். ரத்தமும் சீழும் கலந்த பொட்டுகளை எண்ணினால் இரவில் எத்தனை கட்டிகள் உடைந்தன என்று தெரிந்துவிடும். தாடையோரம், கன்னம், முதுகு என எங்கும் தோலுக்கடியில் கோலிக்குண்டு போலத் தட்டுப்படும் பருக் கட்டிகள். துணி உரசினாலே வலி உயிர் போகும். ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. “வயதுக் கோளாறு, தானாகப் போய்விடும்” என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் கன்னத்தில் குழிகளாக இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் பூசாத பூச்சு இல்லை. அவற்றில் மிக மோசமானது, யாரோ சொன்னார்கள் என்று நானே வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பு. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்பைவிட இரண்டு மடங்காகக் கிளம்பியது. ஸ்டீராய்டே பருவை உண்டாக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தோல் மருத்துவர் முதலில் கொடுத்தது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை, இரவில் பூச அடாபலீன், காலையில் பூச பென்சாயில் பெராக்சைடு. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் தனியாக எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், அதனால்தான் பெராக்சைடும் சேர்கிறது என்று விளக்கினார். பெராக்சைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும். என் நீலத் துண்டுகளெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்தன. மூன்று மாதத்தில் பாதி குறைந்தது. டாக்சிசைக்ளினை நிறுத்திய இரண்டாம் மாதம் எல்லாம் திரும்பி வந்தது.

பிறகுதான் ஐசோட்ரெட்டினாய்ன். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இந்த மருந்து அமெரிக்காவில் 1982 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடுகிறது. என் எடை 60 கிலோ. ஒரு கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்று கணக்கிட்டு மொத்தம் 7200 மில்லிகிராம் இலக்கு வைத்தார். முதல் மாதம் தினம் 20, அதன் பின் 40. வெறும் வயிற்றில் விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும்.

பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். தொடங்கும் முன்னும், பிறகு மாதந்தோறும் எனக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதுவரை ரத்த தானமும் செய்யக் கூடாது. திருமணமாகாத என்னிடம் ஏன் இதெல்லாம் என்று முதலில் கூசியது. காரணம் புரிந்த பிறகு, மருத்துவர் விட்டுக்கொடுக்காமல் கேட்டதற்கு நன்றிதான் தோன்றியது.

மூன்றாவது வாரம் பரு கூடியது. சிலருக்குத் தொடக்கத்தில் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். பிறகு உதடு. கொட்டாவி விட்டால் கடைவாய் கிழியும். சிரிக்கும்போது நடு உதட்டில் ஒரு வெடிப்பு பிளந்து ரத்தம் துளிர்க்கும். பெட்ரோலியம் ஜெல்லி டப்பாக்கள் படுக்கையருகில் ஒன்று, பையில் ஒன்று, மேசையில் ஒன்று. மூக்கின் உள்ளேயும் தடவ ஆரம்பித்த பிறகுதான் மூக்கில் ரத்தம் வருவது நின்றது. கண் வறண்டு கான்டாக்ட் லென்ஸ் போட முடியவில்லை. மாடிப்படி ஏறினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு சற்று ஏறி, பின்னர் தானே இறங்கியது. கல்லீரலில் பிரச்சினை எதுவும் இல்லை. மனநிலையையும் ஒவ்வொரு முறையும் விசாரித்தார். மனம் சோர்ந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே சொல்லச் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மாவிடமும் என்னைக் கவனிக்கும்படி சொல்லிவைத்தேன். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், புதிதாக ஒரு கட்டிகூட வராமல் மூன்று வாரம் ஆகிவிட்டதை உணர்ந்தேன். கன்னத்தில் கை வைத்துப் படுத்தேன். வலிக்கவில்லை. அழுதுவிட்டேன்.

மாத்திரையை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உதடு சில வாரங்களில் சரியானது. மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு சின்னப் பருக்கள் வரும், போகும். இரவில் அடாபலீனும் பகலில் சன்ஸ்கிரீனும் இன்றுவரை தொடர்கிறேன். கட்டிகள் விட்டுச்சென்ற கருமை ஓராண்டில் பெரும்பாலும் மங்கியது. குழிகள் மங்கவில்லை. ஊசியால் தோலைத் துளைத்துச் சீராக்கும் சிகிச்சை நான்கு முறை செய்தும் ஆழம்தான் கொஞ்சம் குறைந்தது. மருந்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் அது பருவை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே விழுந்த தழும்பை நிரப்பாது. ஆறு ஆண்டுகளுக்குப் பதில் ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போயிருந்தால் இந்தக் குழிகளில் பெரும்பாலானவை விழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

போன மாதம் அக்கா மகனுக்குத் தாடையில் அதே மாதிரிக் கட்டிகள் இரண்டு. “தொட்டால் வலிக்கிறது சித்தி” என்றான். அந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இப்போதைக்கு டாக்சிசைக்ளினும் களிம்புகளும் போதும் என்றிருக்கிறார். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.