குட்டி யானைக்கு அடுத்து எந்த வண்டி? மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம்

மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் எங்களுக்கு உரம், விதை நெல், மாட்டுத் தீவனம் வியாபாரம். அறுவடை சமயத்தில் அக்கம்பக்கத்து நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போவதும் உண்டு. வண்டி டாடா ஏஸ், நம்ம குட்டி யானைதான். 2005இல் முதன்முதலாக வந்த அதே 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் ரகம். வருடக்கணக்கில் எங்கள் பிழைப்பைச் சுமந்த வண்டி, இன்னும் ஓடுகிறது. ஆனால் வியாபாரம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால் கொஞ்ச நாளாக மாருதி சூப்பர் கேரி, டாடா இன்ட்ரா, அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் என்று தெரிந்தவர்கள் வண்டியிலெல்லாம் லோடோடு ஏறிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எத்தனை கிலோ தாங்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் லோடு எந்த இடத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஏறுவது வாய்க்கால் கரையில். ஒரு வண்டி நின்றால் இன்னொன்று ஒதுங்க இடம் கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் களிமண் குழைந்து டயரில் அப்பிக்கொண்டால் பட்டன் இருப்பதே தெரியாது, வழவழவென்று ஆகிவிடும். நான் சொல்லும் வண்டிகள் எல்லாமே பின்சக்கரத்தில் இழுப்பவை. காலியாகப் போகும்போது பின்னால் கனம் இல்லாததால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும், பத்து மூட்டை ஏற்றியதும் அதே வண்டி அதே சேற்றில் கிளம்பிவிடும். அதனால் மழைக்காலத்தில் களத்துக்குக் காலியாகப் போகும்போது பின்கதவு ஓரமாக ரெண்டு மூன்று மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டுதான் போகிறோம். இதை எந்த ஷோரூமிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இந்தக் கரையில் குட்டி யானையை மிஞ்ச வண்டி இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். மதகு ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும், திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். சக்கரம் 12 இஞ்ச் என்பதால் அறுவடை மெஷின் போன தடத்தில் இறங்கினால் அடி தட்டும், அது ஒன்றுதான் கவனம். பிரச்சினை எடைதான். இந்த ரகத்துக்கு முக்கால் டன் என்பது கணக்கு. கொள்முதல் நிலையத்துச் சிப்பம், அதாவது நெல் மூட்டை, 40 கிலோ, 18 சிப்பம் வைத்தாலே 720 கிலோ வந்துவிடும். டிஏபி உரம் 50 கிலோ மூட்டை என்றால் 15, அவ்வளவுதான். எல்லோரும் மேலே ஏற்றத்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஸ்பிரிங் பட்டை ஒடிவதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சூப்பர் கேரி நல்ல வண்டி, நாலு சிலிண்டர் பெட்ரோல், அதிர்வே இல்லை. கும்பகோணம் கடைத்தெரு மாதிரி சந்துகளில் மளிகை, பால் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சிஎன்ஜி கேஸ் வண்டி எடுத்தால் கேஸ் சிலிண்டர் கனத்தில் ஏற்றும் எடை குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். எனக்கு இது ஏஸ் அளவிலேயே நிற்கும் வண்டி, அதனால் விட்டுவிட்டேன்.

பொலிரோ பிக்கப் என் மச்சான் பேராவூரணியில் வைத்திருக்கிறார், தேங்காய் லோடு. 2.5 லிட்டர் இன்ஜின், 1.7 டன் ரகம், என்ன ஏற்றினாலும் முனகாது. ஆனால் அங்கே மணல் சார்ந்த மண், மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். எங்கள் களிமண் கரையில் அத்தனை கனத்தோடு ஒரு ஓரம் உள்வாங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்கணும். இன்னொன்றும் உண்டு. லோடோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் பெர்மிட் வேண்டாம். 1.7 டன் பொலிரோ அதைத் தாண்டிவிடும், தோஸ்தும் இன்ட்ரா வி30யும் உள்ளேயே நிற்கும். ஆர்சியில் போடப்போகும் மொத்த எடையை ஷோரூமிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம், சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே மொத்த எடை 7500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கும் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எந்த வண்டி எடுத்தாலும் உரம் ஏற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தை இழுக்கும். மூட்டை ஓரத்தில் சிந்தினது லோடு பாடியின் மூலையில், பின்கதவுக் கீலுக்குக் கீழே போய் உட்காரும், மேலே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். எங்கள் வண்டியில் அந்த மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே ரோடு தெரிந்தது. உரம் இறக்கிய அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, பின்கதவைத் திறந்துவைத்து வெயிலில் காயவிடணும். புது வண்டிக்கு முதல் நாளே அடியில் ரப்பர் ஷீட் போடப்போகிறேன். வைக்கோல் ஏற்றுகிறவர்கள் சைலன்சர் பக்கமும் குனிந்து பாருங்கள். காய்ந்த வைக்கோல் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும்.

அப்புறம் பிஎஸ்6, அதாவது புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச தூரம் சூடாக, ஒரே வேகத்தில் ஓடணும். கடைக்கும் களத்துக்குமாக அஞ்சு கிலோமீட்டர் ஓடி நின்று, ஓடி நின்று இருந்தால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு லைட் எரியும். தஞ்சாவூர் ரோட்டில் அடிக்கடி நீண்ட ஓட்டம் இருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி என்றால் பெட்ரோலை யோசியுங்கள். எனக்கு வாரா வாரம் தஞ்சாவூருக்குச் சரக்கெடுக்கப் போகும் வேலை இருப்பதால் டீசல் ஒத்துவரும்.

மிச்சம் தோஸ்தும் இன்ட்ரா வி30யும். ரெண்டும் ஒன்றரை லிட்டர் டீசல்தான், தோஸ்தில் மூன்று சிலிண்டர், இன்ட்ராவில் நாலு. இன்ட்ராவில் உட்கார்ந்தால் கார் மாதிரி இருக்கிறது, நீண்ட ஓட்டத்துக்கு இடுப்பு வலிக்காது. ஆனால் என் மனசு தோஸ்த் பக்கம்தான் சாய்கிறது. எங்கள் சித்தப்பா நீடாமங்கலத்தில் அதை நெல்லுக்கே ஓட்டுகிறார், லோடோடு கரை ஏறும்போது கீழ் கியரில் நிதானமாக இழுக்கிறது. ஓசூரில் செய்கிற வண்டி என்பதால் உதிரி பாகத்துக்கும் இங்கே காத்திருக்க வேண்டியதில்லை, டவுனில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

கடைசியாக, ரெண்டு ஷோரூமில் லோடோடு எங்கள் கரையில் ஓட்டிப் பார்க்கணும் என்று கேட்டேன். ஒரு இடத்தில் டெமோ வண்டி தார் ரோட்டைத் தாண்டாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவன் தன் வழியில் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி? இன்னொரு இடத்தில், மழை விட்ட மறுநாள் கூப்பிடுங்கள், அனுப்புகிறோம் என்றார்கள். முப்பது சிப்பத்தோடு அந்த மதகைத் தாண்டிவிட்டால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.